சவரிராயன் மாஸ்டரின் கயிறு

சவரிராயன் மாஸ்டர் தம் வாழ்நாளில் ஒரு கயிற்றைக்கூடத் தம் கையால் இழுத்தவர் இல்லை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுகூட அவர் மனைவி ஞானப்பூதான். ஆள் அவ்வளவு ஒல்லி. காற்றடிக்கிற நாளில் அவர் எஸ்பிளனேட் திடலைக் குறுக்கே கடந்தால், வருவது சட்டை மட்டுமா, உள்ளே ஆளும் உண்டா என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர்தான் பினாங்கில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் காலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மாலையில் பையன்களை ஓடவிட்டார், பந்து உதைக்கவிட்டார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கயிறு இழுக்கும் அணியைப் பழக்கினார். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் அவர் குரலைக் கேட்டிருந்தார்கள்.

அந்தக் குரலைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவின. திடலில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் மீன் உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது ஒன்று. மாதா கோயிலில் அவர் பாட்டுக்கு வாய் திறந்தால் ஆர்மோனியக்காரர் இனி நமக்கென்ன வேலை என்று கையை எடுத்துவிடுவார் என்பது இன்னொன்று. முதல் கதைக்குச் சாட்சி இல்லை. இரண்டாவதை மகள் அன்னமேரியே பெண்கள் வரிசையில் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள்.

அன்னமேரிக்கு அப்பாவின் மூக்கு வரவில்லை, கணக்கும் வரவில்லை. குரல் மட்டும் குன்றிமணி குறையாமல் வந்து சேர்ந்தது. ஞானப்பூவுக்கு இதுதான் தீராத கவலை.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்தத் தொண்டை? மீன்காரனைக் கூப்பிட்டா அடுத்த சந்துல இருக்கிற பால்காரனும் சேர்ந்து ஓடி வர்றான்."

மாஸ்டர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "விடு ஞானப்பூ. ரெண்டு பேருகிட்டயும் வாங்க வேண்டியதுதானே."

அன்னமேரி வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் சரிபாதி என்று அவள் சிறு வயதில் நம்பிக்கொண்டிருந்தாள். வளர்ந்த பிறகு பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பாதி கொஞ்சம் பெரிசு. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. சாயங்காலம் அம்மா கட்டிக் கொடுக்கிற வெந்த கடலையைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போய், பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, வேப்பமர நிழலில் நின்று அப்பா கத்துவதைக் கேட்பாள். அந்த நேரத்தில் அவர் அவளுக்கு உலகத்திலேயே அழகான மனிதராகத் தெரிவார். அதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு பேச்சு பேசுவார்.

அணிக்கு ஆள் பொறுக்குவது ஒரு தனிக் கூத்து. அணி மொத்தமாக இவ்வளவு எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்று போட்டி விதி. பள்ளிக்கூடத்தில் தராசு இல்லை. மாஸ்டர் எட்டுப் பையன்களையும் வரிசையாக நடத்திச் சூலியா ஸ்ட்ரீட்டில் கமாலுதீனின் அரிசிக் கடைக்குக் கூட்டிப் போவார். மூட்டை நிறுக்கிற தராசில் ஒருவன் பின் ஒருவனாக ஏறி உட்காருவான்.

"மாஸ்டர், இது அரிசிக் கடை லா, ஆட்டுச் சந்தை இல்ல," என்று கமாலுதீன் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே எடைக்கல்லையும் எடுத்து வைப்பார். அதனால் அந்தப் பையன்களை ஊர் முழுக்க அரிசி மூட்டை நிறுக்கிற பிக்குல் கணக்கில்தான் பேசும். பிச்சைமுத்து என்றால் ஒரு பிக்குலும் மேலேயும். கயிற்றின் கடைசி முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பவன் அவன்தான். சீனப் பையன் ஆ செங் முக்கால் பிக்குல், ஆனால் குதிகால் தரையில் ஊன்றினால் பெயர்க்க முடியாது.

கயிறு இழுக்கிறவன் மல்லாந்து சாய்ந்துதான் இழுக்க வேண்டும். அவன் கண்ணுக்கு வானம் தவிர ஒன்றும் தெரியாது. எதிராளி சோர்ந்தானா, நாம் நகர்ந்தோமா, எதுவும் அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று ஒருவர் சத்தம் கொடுக்க வேண்டும், எட்டு உடம்பும் அந்தச் சத்தத்துக்கு ஒரே உடம்பாக அசைய வேண்டும். அணியில் தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரும் கலந்திருந்ததால் மாஸ்டர் கடைத்தெரு மலாயில்தான் சத்தம் கொடுப்பார். "இங்கிலீஷ் உதட்டுல இருந்து வருது. மலாய் வயித்துல இருந்து வருது. இழுக்கிறதுக்கு வயிறுதான்லா வேணும்" என்பது அவர் கட்சி.

அவரிடம் இருந்தது இரண்டே மலாய்ச் சொல். தாரிக் என்றால் இழு. தாஹான் என்றால் அசையாமல் பிடித்திரு.

மூன்றாவது ஒரு சொல் உண்டு. லெப்பாஸ், விடு என்று பொருள். அதை மாஸ்டர் திடலில் தடை செய்திருந்தார். காரணம் உண்டு. அவர் அணி கட்டிய முதல் வருஷம், ஜெயிக்கிற நேரத்தில் எதிர்ப்பள்ளிக்கூடத்துக் கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து "லெப்பாஸ்! லெப்பாஸ்!" என்று கத்தியது. மாஸ்டர்தான் விடச் சொல்கிறார் என்று நினைத்து நம் பையன்கள் கையை விட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்கள் அன்னமேரிக்குப் பின்னாளில் சொந்தமாகிவிட்டார்கள். அன்று முதல் மாஸ்டர் பயிற்சி நேரத்தில் தாமே பையன்களைச் சுற்றி ஆள் வைத்து அந்தச் சொல்லைக் கத்தவிடுவார். கத்தக் கத்தப் பையன்கள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நாளடைவில் அது அவர்கள் கைக்கே பழகிவிட்டது. காதில் லெப்பாஸ் விழுந்தால் கை தானாக மூடிக்கொள்ளும். ஒரு தடவை டிராமில் யாரோ யாரிடமோ அதைச் சொல்லப்போக, பிச்சைமுத்து பக்கத்திலிருந்த பெரியவரின் குடையைப் பிடுங்குவதுபோல் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் எப்படித்தான் கயிற்றை விடுவது? விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோம் அல்லவா, மாஸ்டரும் அப்படி ஒரு வழி வைத்திருந்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் இழுப்பு முடிந்ததும் குரலை இறக்கி, "போதும் ராசா, கீழே வை" என்பார். அது மட்டும் தமிழ். எல்லாப் பையனும் அவருக்கு ராசாதான். ஆ செங் அதை ஏதோ கத்தோலிக்க செபம் என்றே நெடுநாள் நினைத்திருந்தான். மரியாதைக்காக ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டும் இருக்கிறான்.

இவ்வளவு இருந்தும் கேடயம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் இறுதிச் சுற்று வரை போவார்கள், எதிர்ப்பள்ளிக்கூடத்திடம் தோற்பார்கள். 1929-ல் மாஸ்டருக்குத் தொண்டை கட்டியது. கட்டினது அவிழவில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே காய்ப்புக் காய்த்திருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் திடலில் கத்துவது என்பது கனவிலும் கூடாது என்று சொல்லிவிட்டார். விளையாட்டுப் பொறுப்பு அடுத்த வருஷத்திலிருந்து ஆர்தர் மாஸ்டர் என்ற இளைஞருக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் முடிவாயிற்று. ஆக, இந்த வருஷக் கயிறுதான் கடைசிக் கயிறு. அதுவும் குரல் இல்லாமல்.

மாஸ்டர் ஊமைச் சாமியாராக வளைய வந்தார். வகுப்பில் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினார். பையன்கள் இரக்கப்பட்டுச் சத்தமே போடாமல் படித்ததில் அந்த மாதம் கணக்கில் எல்லாரும் தேறினார்கள். இது தெரிந்திருந்தால் முன்னாலேயே தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருப்பேனே என்பதுபோல் அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மாலையில் திடலிலிருந்து வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. கைக்குட்டையை ஆட்டிக் கட்டளை கொடுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கைக்குட்டை எங்கே தெரியும்?

அதே மாதத்தில்தான் அன்னமேரிக்குச் சம்பந்தமும் வந்தது.

பையன் பெயர் வில்லியம். அக்கரையில் பிறை என்ற ஊரின் ரயில் ஆபீஸில் கிளார்க். அவனும் அவன் அம்மா மதலேனம்மாளும் பட்டர்வொர்த்திலிருந்து கடல் கடக்கும் பெரிப் படகு ஏறி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கப்புறம் வந்தார்கள். ஞானப்பூ மகளைச் சமையல்கட்டில் நிறுத்தி வைத்துச் சட்டம் சொன்னாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். அதுவும் பூனை மாதிரி. உன் சொந்தக் குரல் வெளிய வந்துச்சு, அந்தம்மா அடுத்த பெரியிலயே ஏறிருவாங்க."

அன்னமேரி பூனையாகத்தான் இருந்தாள். காப்பி கொடுத்தாள். பேர் என்ன என்று மதலேனம்மாள் கேட்டதற்கு உதடு அசைகிற அளவுக்குச் சொன்னாள். அந்த அம்மாள் மறுபடி கேட்டாள். அன்னமேரி இன்னும் மெதுவாகச் சொன்னாள். தைக்கத் தெரியுமா என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்றாள். மதலேனம்மாளின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. பலகாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

போனவர்களில் வில்லியம் மட்டும் கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். வாசலில் கழற்றி வைத்திருந்த மாஸ்டரின் பழைய பூட்ஸைத் தன்னுடையது என்று மாட்டிக்கொண்டு பெரித்துறை வரை போயிருக்கிறான்.

"மன்னிச்சுக்குங்க. பாதி வழி வரைக்கும், கால்தான் வீங்கிப் போச்சுன்னு நெனச்சிட்டு நடந்தேன்," என்றான்.

கதவைத் திறந்த அன்னமேரிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அதை உள்ளேயே முழுங்கினாள். அந்த நிமிஷமே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ரொம்பவும் பிடித்துவிட்டது. கட்டினால் இவனைத்தான் என்று அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். "பையனுக்குச் சம்மதம்தான். அந்தம்மாதான் யோசிக்கிறாங்க. பொண்ணை இன்னொரு தடவை பார்க்கணுமாம். ஸ்போர்ட்ஸ் அன்னிக்குத் திடலுக்கு வர்றாங்க லா."

"நான் சொல்லல?" என்று ஞானப்பூ மகள் பக்கம் திரும்பினாள். "நீ அந்த 'ம்' சொன்னதே சத்தந்தான்."

போட்டி நாளன்று திடலில் எள் போட்டால் எள் விழாது. பெண்களுக்கு ஒரு ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஞானப்பூ, அவள் பக்கத்தில் புதுச் சேலையில் அன்னமேரி, இரண்டு நாற்காலி தள்ளி மதலேனம்மாள். வில்லியம் அம்மாவுக்குப் பின்னால் நின்றான். இந்தத் தடவை அவனுடைய பூட்ஸில்தான் வந்திருந்தான். அதைக் காட்டுவதற்காகவே காலை ஒரு தடவை முன்னால் நீட்டினான். அன்னமேரி "வாங்க அத்தை" என்று முணுமுணுத்தாள். மதலேனம்மாள் அவள் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கயிறு கடைசி ஐட்டம். மூன்று இழுப்பில் இரண்டு ஜெயித்தால் கேடயம். எதிரில் வழக்கம்போல அதே பள்ளிக்கூடம். ஆர்தர் மாஸ்டர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு மாஸ்டருக்குப் பதிலாகச் சத்தம் கொடுக்க வந்து நின்றார். நல்ல மனிதர், இனிமையான குரல். அவர் "தாரிக்?" என்றார். தாரிக் என்று யாராவது இங்கே இருக்கிறார்களா என்று வீடு தேடி வந்தவர் விசாரிப்பது போல இருந்தது. கூட்டத்தின் இரைச்சலில் பையன்களுக்கு அது கேட்டதா என்பதே சந்தேகம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். இரண்டு மூச்சு விடுவதற்குள் எல்லாரும் கோட்டைத் தாண்டி இழுபட்டுப் போனார்கள்.

அன்னமேரி பையன்களைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் அவர் பாடுபட்டது அந்தத் திறந்த வாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது இழுப்பு ஆரம்பித்தது. நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. அன்னமேரி எழுந்தாள். ஞானப்பூ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருடி. உன் கல்யாணம்டி!"

"தெரியும்மா," என்றாள் அன்னமேரி. ஒரு தடவை வில்லியம் பக்கம் பார்த்தாள். போகட்டும் என்று நினைத்தாள். நினைக்கும்போதே அழுகை வந்தது. அம்மாவின் பிடியை உதறிவிட்டு, வாயைத் திறந்தாள்.

"தாஹான்!"

திடலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாளின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. பையன்கள் மட்டும் திரும்பவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த குரல், கொஞ்சம் மெல்லியதாக, அவ்வளவுதான். எட்டுப் பேரின் குதிகால்களும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றின. சிவப்புத் துணி நின்றது.

"தாரிக்! தாரிக்! தாரிக்!"

அந்த இழுப்பு நமக்கு.

எதிர்ப்பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஆட்சேபித்தார். நடுவராக இருந்த துரை வாயிலிருந்து புகைச் சுங்கானை எடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கத்தக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை, இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது இழுப்புக்கு அன்னமேரி கூடாரத்திலேயே நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்து போய் அப்பா பக்கத்தில் நின்றாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். போ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி அவள் தோளில் வைத்தார். எப்போது இழுப்பது, எப்போது பிடிப்பது என்பது அவருக்குத்தானே தெரியும். அவர் விரல் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் தாஹான், அழுத்தினால் தாரிக். அவர் விரலும் அவள் தொண்டையுமாக அந்த இழுப்பு நடந்தது.

பாதியில் எதிர்க்கூட்டம் பழைய வேலையை ஆரம்பித்தது. "லெப்பாஸ்! லெப்பாஸ்!" என்று ஒரு பக்கமே கத்தியது. கத்தக் கத்த நம் பையன்களின் முஷ்டி இறுகியது. அவர்கள் கத்தியிருக்காவிட்டால் ஜெயித்திருக்க மாட்டோம் என்று பிச்சைமுத்து பின்னாளில் சத்தியம் செய்வான்.

துரை கொடியை இறக்கினார். தொப்பிகள் பறந்தன. எட்டுப் பேர் மட்டும் கயிற்றை விடவில்லை. மல்லாந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டிய சொல் இன்னும் வரவில்லை. அன்னமேரி அதைச் சொல்ல வாய் திறந்தாள். மாஸ்டர் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினார். அதை மட்டும் அவர் மகளுக்குக்கூட விட்டுக் கொடுக்கவில்லை. டாக்டராவது ஒன்றாவது என்று வரிசையின் முதல் பையனிடம் போனார், குனிந்தார், காதில் காற்றாகச் சொன்னார்: "போதும் ராசா, கீழே வை." அவன் வைத்தான். அடுத்தவனிடம் போனார். இப்படி எட்டுப் பேரிடமும். கடைசியில் பிச்சைமுத்துவின் உடம்பிலிருந்து கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தாமே அவிழ்த்துவிட்டார்.

அப்புறம்தான் அன்னமேரிக்குத் தன் நினைவு வந்தது. கூடாரத்திலிருந்து மதலேனம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஞானப்பூ, கையைப் பிசைந்தபடி. ஆயிற்று, பெரி ஏறப் போகிறார்கள் என்று அன்னமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மதலேனம்மாள் அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"நீயா தாயி கத்துனே? உனக்குப் பேச்சு வருமா? அன்னிக்கு வாயை வாயை அசைச்சியே, நான் ஊமைப் பொண்ணைத் தலையில கட்டப் பாக்குறாங்கன்னுல்ல நெனச்சேன்!"

வில்லியத்தின் முகம் செக்கச் செவேல் என்று ஆனது. "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றான். "சொல்லியிருக்கணும். சொன்னா சம்பந்தம் தட்டிப் போயிருமோன்னு..."

ஞானப்பூ வாயில் கையை வைத்தபடி நின்றாள். இந்த வீட்டில் குரலை ஒளித்து வைத்தார்கள், அந்த வீட்டில் காதை. மாஸ்டர் சிரித்தார். சத்தம் இல்லாமல், தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அன்னமேரி இந்தத் தடவை தலைப்பைத் தேடவில்லை. அவள் சிரிப்பைக் கேட்டு மதலேனம்மாளும் என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து சிரித்தாள்.

கல்யாணத்துக்கு எட்டுப் பையன்களும் வந்து கமாலுதீன் கடை அரிசியில் பெரும் பங்கைக் காலி செய்தார்கள். அன்னமேரி பட்டர்வொர்த்துக்குப் போனாள். அந்த வீட்டில் ஒரு நாளும் குரலை அடக்க வேண்டி வரவில்லை. சத்தமாகப் பேசுவதற்காக மாமியாரிடம் பாராட்டு வாங்கிய ஒரே மருமகள் அந்த வட்டாரத்தில் அவள்தான். மாஸ்டர் மாதம் ஒரு தடவை பெரி ஏறி வருவார். கரகரத்த குரலில் கொஞ்சமாகப் பேசுவார். பேரப்பிள்ளைகள் வாசலில் கொடிக்கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, யார் முதலில் விடுவது என்று தெரியாமல் அழுதால், போய்க் குனிந்து, "போதும் ராசா, கீழே வை" என்பார். பேத்திக்கும் அதே ராசாதான்.

1937-ல் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாலு நாளில் சவரிராயன் மாஸ்டர் போய்விட்டார்.

பெரியில் வரும்போதே அன்னமேரி அழுது தீர்த்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போது தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. மாஸ்டரிடம் கணக்குப் படித்தவர்கள், ஓடியவர்கள், பந்து உதைத்தவர்கள் என்று சந்து முழுக்க ஆட்கள். கமாலுதீன் கடையை அடைத்துவிட்டு வந்து வாசல் கேட்டுப் பக்கம் தொப்பியோடு நின்றார். பழைய அணியில் ஊரில் இருந்த ஆறு பேரும் வந்திருந்தார்கள். பிச்சைமுத்து இப்போது துறைமுகத்தில் மேஸ்திரி. ஆ செங்குக்குச் சொந்தமாகச் சைக்கிள் கடை. சாமியார் செபம் சொல்லி முடித்ததும், குழி வெட்டுகிற பெரியவரிடமிருந்து கயிறுகளை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"மாஸ்டரை நாங்க இறக்குறோம் லா."

பெட்டிக்கு அடியில் கயிற்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேராக நின்று தூக்கினார்கள். பெட்டி குழிக்கு மேலே நேராக நின்றது. பெரியவர் வழக்கமாகச் சொல்வதுபோல் மலாயில் மெதுவாகச் சொன்னார், "லெப்பாஸ்... லெப்பாஸ்..."

ஆறு பேரின் கையும் இறுகியது.

பெட்டி இறங்குவதற்குப் பதிலாக ஒரு சாண் மேலே ஏறியது. பெரியவர் திகைத்துப்போய்க் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். அவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றினார்கள். சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஞானப்பூவுக்கும் அன்னமேரிக்கும் மட்டும் புரிந்தது. பிச்சைமுத்துவின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கை கேக்க மாட்டேங்குது அக்கா," என்றான். "அந்தச் சொல்லுக்கு விடக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரே."

ஆறு பேரும் அவளையே பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்று திடலில் அப்பா அவள் வாயைப் பொத்திய கை இன்னும் உதட்டின் மேல் இருப்பது போல இருந்தது. சொல்லிவிட்டால் அப்பா போய்விடுவார். சொல்லாவிட்டால் இப்படியே நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஒரு நிமிஷம், இன்னும் ஒரே நிமிஷம் அப்பா மேலேயே இருக்கட்டும் என்றிருந்தது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பினாங்கிலேயே பெரிய குரல் அவளுடையது, அது வரமாட்டேன் என்றது.

ஞானப்பூ மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். உட்காரச் சொல்வதற்கு அல்ல.

"சொல்லுடி," என்றாள். "சத்தமாச் சொல்லு."

அன்னமேரி மூச்சை இழுத்தாள்.

"போதும் ராசா! கீழே வை!"

மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. ஆறு ஜோடிக் கையும் ஒன்றாக இளகின. பெட்டி எங்கேயும் இடிக்காமல், ஒரு பக்கமும் சாயாமல், மெல்ல இறங்கி அடியில் அமர்ந்தது. ஆ செங் கயிற்றை வைத்துவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

மதலேனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அன்னமேரியைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். வயதாகி அந்த அம்மாளுக்குக் காது அறவே போயிருந்தது.

"எனக்கே கேட்டுச்சு தாயி," என்றாள். "சம்பந்திக்குக் கேக்காமலா இருக்கும்?"